ஐம்பது வாட் உள்ளே, அரை வாட் வெளியே

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க துறையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். என் துறை பவர் சப்ளை வடிவமைப்பு. அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால், சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். இதற்கிடையில் இன்னொரு செய்தி காதில் விழுந்தது. நம் கல்லூரி இசைக்குழு ஒரு பழைய ஐம்பது வாட் வால்வு கிதார் ஆம்ப்ளிஃபையரைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறதாம். ஹாஸ்டலில் ஒரே புகாராம். அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யூவேட்டர் என்று ஒரு பெட்டியை வைத்தால் தீர்ந்துவிடும் என்று தம்பிகள் காசு சேர்க்கிறார்களாம். நல்லது. காசு கொடுப்பதற்கு முன் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாமே என்றுதான் இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

மூத்தவர்களுக்கு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கும். ஸ்விட்சைப் போட்டு, உள்ளே மஞ்சளாக எரிந்து, பாட்டு வர அரை நிமிஷம் ஆகும். அந்த வால்வு பெரும்பாலான இடங்களிலிருந்து போய்விட்டது. கிதார் ஆம்ப்ளிஃபையரிலிருந்து போகவில்லை. காரணம், அதன் குறைதான். வால்வை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் அலையின் உச்சி மழுங்குகிறது, புதிதாக ஹார்மோனிக்ஸ் சேர்கிறது. ஹை-ஃபையில் அதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர் வைத்து அகற்றப் பாடுபடுகிறோம். கிதார்க்காரருக்கோ அதுதான் வாத்தியத்தின் குரல்.

1962இல் லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தம் கடை ஆட்களோடு சேர்ந்து அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து ஜே.டி.எம். 45 என்ற ஆம்ப்ளிஃபையரைச் செய்தார். 1965 வாக்கில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, நூறு வாட் வந்தது. அன்றைக்கு மேடை ஒலிபெருக்கிகள் அவ்வளவு பலமானவை அல்ல. கிதார் ஆம்ப்ளிஃபையரே அரங்கத்தை நிரப்பியாக வேண்டும். அந்த வாட்டெல்லாம் அரங்கத்துக்காகக் கேட்ட வாட். நாம் அதைக் கொண்டுபோய் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வைக்கிறோம்!

"சத்தம் அதிகமென்றால் வால்யூமைக் குறையேன்" என்று வார்டன் கேட்பது நியாயம்தான். ஆனால் குறைத்தால் கடைசிக் கட்ட வால்வுகள் சும்மா உட்கார்ந்துவிடும். அந்தக் குரல் வராது. 1975இல் மார்ஷல் கம்பெனியே 2203 என்ற மாடலில் மாஸ்டர் வால்யூம் கொடுத்தது. அதில் முன்கட்டம் மட்டும் கத்தும், பின்கட்டம் அடங்கியிருக்கும். அதுவும் ஒரு நல்ல ஒலிதான். பிற்காலத்து ஹெவி மெட்டல் எல்லாம் அதில் வளர்ந்தது. ஆனால் பின்கட்ட வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து திணறும் ஒலி வேறு. அதை விரும்புகிறவர்களுக்காக வந்ததுதான் அட்டென்யூவேட்டர்.

இதில் நம் இனத்தான் ஒருவர் உண்டு. டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முதுகலை, போலராய்டு கம்பெனியில் வேலை. வீட்டு நிலவறையில் ஸ்டூடியோ கட்டி, 1976இல் வெளிவந்த 'பாஸ்டன்' ஆல்பத்தின் பெரும்பகுதியை அங்கேயே பதிவு செய்தவர். 1980இல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, 'பவர் சோக்' என்ற அட்டென்யூவேட்டரை விற்றார். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: பவரை உறிஞ்சுகிற பெட்டி.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், மடக்கைதான்.

கிதார் பெட்டிகளில் பரவலாக இருக்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல். ஐம்பது வாட் கொடுத்தால் 117. சரி, இருபது டெசிபெல் குறைக்கிறோம். அதாவது நூறில் ஒரு பங்கு. ஐம்பது வாட் அரை வாட் ஆகிவிட்டது. அப்போது எவ்வளவு? 97! அரை வாட் என்றதும் பொம்மை ரேடியோ ஞாபகம் வரும். ஆனால் இது பஸ் ஹாரனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. 80 டெசிபெல்லுக்கு இறங்க வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது பத்து மில்லி வாட். ஐயாயிரத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் பெட்டிக்குள் சூடாகப் போக வேண்டும்.

"ஐம்பது வாட்டுக்குப் பதில் ஐந்து வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் பத்தில் ஒன்றாகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். குறைவது பத்து டெசிபெல். காதுக்குச் சுமார் பாதி, அவ்வளவே.

அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நையாஷ் ஓர் அளவு வைத்திருக்கிறது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி. அதாவது இருபது டெசிபெல் குறைத்த பிறகும், அந்த ஸ்பீக்கர் முன்னால் ஒரு மீட்டரில் விடாமல் வாசித்தால் ஒரு நாளைக்கு அரை மணிதான். குறைக்காமல் 117இல் வாசித்தால்? கணக்குப் போட்டால் பதினெட்டு வினாடி வருகிறது. அந்த அட்டவணை ஏ-வெயிட்டட் டெசிபெல்லில் இருப்பது; நம்முடையது சுமார் கணக்கு; பாட்டில் நடுநடுவே இடைவெளியும் உண்டு. இருந்தாலும் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது தெரிகிறது அல்லவா? டவுன்ஷெண்டே பின்னாளில் தம் செவித்திறன் குறைந்ததையும் காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஹாஸ்டல் புகாரைவிட எனக்கு இந்தக் கவலைதான் பெரிது. காதுக்குள் இருக்கும் மயிரிழை செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

இனி பெட்டிக்குள் போவோம். மெஷின்ஸ் லேபில் லாம்ப் லோடு போட்டு ஆல்டர்னேட்டரை லோட் டெஸ்ட் செய்தோமே, அதேதான் இது. ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு லோடு காட்ட வேண்டும். அந்த லோடிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஸ்பீக்கருக்குத் தர வேண்டும். எளிய வடிவம் எல்-பேட்: ஸ்பீக்கருக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர், இணையாக ஒரு ரெசிஸ்டர். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஆறு டெசிபெல் குறைக்க, தொடரில் நாலு ஓம், இணையில் எட்டு ஓம். எட்டும் எட்டும் இணைந்து நாலு, தொடரில் நாலு, ஆக எட்டு. ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது வாட்டில் தொடர் ரெசிஸ்டர் 25 தின்னும், இணை ரெசிஸ்டர் பன்னிரண்டரை, ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டரை. இருபது டெசிபெல் என்றால் தொடரில் 7.2 ஓம், இணையில் ஏறக்குறைய 0.9 ஓம். அப்போது தொடர் ரெசிஸ்டர் மட்டும் 45 வாட்டைத் தின்கிறது. சாலிடரிங் அயர்ன் சூடு, விடாமல்.

இங்கே ஒரு விஷயம். ஐம்பது வாட் என்று முகப்பில் எழுதியிருப்பது சுத்தமான சைன் அலைக்கு. நாம் செய்வது விரட்டி மழுங்கடிப்பது. அலை சதுரமானால், அதே உச்ச வோல்டேஜில் பவர் தத்துவப்படி இரட்டிப்பாகும். ஆகவே ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபையருக்கு நூறு வாட் தாங்கும் பெட்டி வேண்டும். அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரில் 'நூறு வாட்' என்று அச்சிட்டிருப்பதும் ஹீட் சிங்க்கில் திருகி முடுக்கினால்தான். தகரப் பெட்டிக்குள் தொங்கவிட்டால் அந்த அச்சுக்கு மதிப்பில்லை.

அடுத்தது, நான் இங்கே வந்து பேசுவதற்கே காரணமான விஷயம். நம்மில் எல்லாரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் பழகியவர்கள். அதில் ஸ்பீக்கர் வயர் கழன்றால் ஒன்றும் ஆகாது. ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. வால்வில் அது அப்படியே தலைகீழ். ஷார்ட்டைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், ஓபனைப் பொறுக்காது.

ஏன் என்று பார்க்கலாம். இரண்டு ஈ.எல். 34 வால்வுள்ள ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபையரில் வால்வுகள் பார்க்க விரும்பும் லோடு சுமார் 3400 ஓம். ஸ்பீக்கர் எட்டு ஓம். விகிதம் 425. அதன் வர்க்கமூலம் இருபது சொச்சம். அதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம். வால்வுத் தட்டில் நானூற்றைம்பது வோல்ட் அளவில் டி.சி. நிற்கிறது. ஸ்பீக்கர் பக்கம் லோடே இல்லாமல் போனால், வால்வு வெட்டி வெட்டி விடும் கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. ரிலே காயிலில் டயோடு போடாமல் ஸ்விட்சை அணைத்தால் பொறி பறக்குமே, அதே காரியம். தட்டு வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறி, சாக்கெட்டிலோ டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள்ளோ ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும்.

வேலை நிமித்தம் சில வருஷம் இங்கிலாந்தில் இருந்தேன். வார இறுதியில் தெரிந்தவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்ப்பது பொழுதுபோக்கு. ஒட்டு வீடுகள், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நம் சுவரில் கேட்கும். அதனால் அங்கே கிதார் வாசிப்பவர்களில் பலரிடம் இந்தப் பெட்டி இருந்தது. ஒரு நாள் ஒரு ஐம்பது வாட் ஆம்ப் வந்தது. "வாசிச்சுக்கிட்டே இருந்தேன், கருகின வாசனை, அப்புறம் சத்தமே இல்லை" என்று சொந்தக்காரர் சொன்னதன் சாராம்சம். திறந்து பார்த்தால் ஒரு வால்வு சாக்கெட்டில் மூன்றாம் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் நடுவே பென்சிலால் போட்டதுபோல் கரிக்கோடு. மூன்று தட்டு, இரண்டு ஹீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் ஒரு பாதி ஓபன். பெட்டியில் குற்றமில்லை, ரெசிஸ்டரெல்லாம் சரியாக இருந்தன. குற்றம் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பெட்டிக்குப் போன வயரில். இரண்டு முனையும் ஒரே மாதிரிதானே என்று கிதாருக்குப் போடும் ஷீல்டு வயரைச் செருகியிருக்கிறார். ஐம்பது வாட், எட்டு ஓம் என்றால் இரண்டரை ஆம்பியர். கிதார் வயரின் உள்கம்பி தலைமுடி மாதிரி. முனையில் அறுந்துவிட்டது. புது டிரான்ஸ்ஃபார்மரின் விலை, அவர் பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

தம்பிகளே, ஆம்ப்ளிஃபையருக்கும் பெட்டிக்கும் இடையே தடித்த ஸ்பீக்கர் வயர். இரண்டு பக்கமும் ஓம் பொருந்த வேண்டும். பல பெட்டிகள் எட்டுக்கோ பதினாறுக்கோ மட்டும் செய்தவை, மார்ஷலின் நாலு ஸ்பீக்கர் பெட்டி பெரும்பாலும் பதினாறு. முதலில் வயர்களைச் செருகிவிட்டுத்தான் ஸ்டாண்ட்பை ஸ்விட்ச்.

சரி, எல்லாம் சரியாகப் போட்டாயிற்று. ஆனாலும் வாசித்துப் பார்த்தவர் சொல்வார்: "என்னமோ போர்வை போத்தின மாதிரி இருக்கே." இந்தப் புகாருக்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஜனங்கள் பெட்டி மேல் பெட்டி வாங்குகிறார்கள்.

முதலாவது, எட்டு ஓம் ஸ்பீக்கர் எட்டு ஓமே அல்ல. மீட்டரில் டி.சி. அளந்தால் ஆறரை ஓம் அளவில் காட்டும். கீழ்ச்சுருதியில், அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், இம்பீடன்ஸ் ஐம்பது ஓமுக்கு மேலும் ஏறும். மேலே போகப் போக வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். ஈ.எல். 34 போன்ற பெண்டோடு ஏறக்குறைய கரண்ட் சோர்ஸ். ஆகவே இம்பீடன்ஸ் ஏறுகிற இடத்திலெல்லாம் வோல்டேஜும் ஏறும். பேஸில் ஒரு முட்டு, ட்ரெபிளில் ஒரு பளபளப்பு. நாம் கேட்டுப் பழகிய கிதார் ஒலியில் பாதி இந்த மேடு பள்ளம்தான். இப்போது இருபது டெசிபெல் பேடைப் போடுங்கள். ஸ்பீக்கர் எட்டு ஓமானாலும் ஐம்பதானாலும், 0.9 ஓமுக்கு இணையாக நிற்பதால், ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிவது எட்டை ஒட்டியே இருக்கும். மேடும் பள்ளமும் ரோடு ரோலர் போட்டு நிரவியாகிவிட்டது. ஆறு டெசிபெல் பேடில் அப்படியில்லை. ஸ்பீக்கர் ஐம்பதுக்கு ஏறினால் ஆம்ப்ளிஃபையர் சுமார் பதினொன்றைப் பார்க்கும். கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது. சின்னக் குறைப்புக்குச் சாதா ரெசிஸ்டர் பெட்டியே போதும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த வகுத்தல் கணக்குதான்.

இந்தக் காரணத்துக்கு மருந்து உண்டு. காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து ஸ்பீக்கர் மாதிரியே ஏறி இறங்கும் ரியாக்டிவ் லோடு. டூ நோட்ஸ் கம்பெனியின் டார்பிடோ கேப்டர் அந்த வகை. ஸ்பீக்கருக்குப் போகும் குறைப்பு அதில் நிலையாக இருபது டெசிபெல், ஹெட்போனிலும் ரெக்கார்டிங்கிலும் கேட்க வேறு வழி உண்டு. ஃப்ரையட் பவர் ஸ்டேஷன், பாஸ் டியூப் ஆம்ப் எக்ஸ்பாண்டர் போன்றவை முழுப் பவரையும் ரியாக்டிவ் லோடில் எரித்துவிட்டு, சின்னச் சிக்னலை எடுத்து இன்னொரு ஆம்ப்ளிஃபையரில் வேண்டிய அளவுக்குப் பெருக்கித் தருபவை. விலையும் அதற்கேற்றபடி.

இரண்டாவது காரணத்துக்கு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. அது நம் காது. 1933இல் பெல் லேப்ஸில் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய, கீழ்ச்சுருதி நம் காதில் மற்றதைவிட வேகமாக மங்கும். பெட்டி நூற்றுக்கு நூறு துல்லியமாக இருந்தாலும் 117இல் கேட்டது 80இல் ஒல்லியாகத்தான் கேட்கும். தவிர, முழுச் சத்தத்தில் ஸ்பீக்கர் காகிதமே கொஞ்சம் திணறும். அறைக்காற்று கிதார்க் கம்பியைத் திரும்ப அசைக்கும். ஒரு ஸ்வரம் நின்று நீடிக்கும். அரை வாட்டில் இவை எதுவும் நடக்காது. ட்ரெபிளையும் பேஸையும் கொஞ்சம் திருகிச் சரிப்படுத்தலாம்; அதற்கு மேல் எதிர்பார்த்துக் காசைக் கொட்டுவது வீண் என்பது என் கருத்து.

நடுவே ஒரு எச்சரிக்கை. 1978இல் முதல் ஆல்பம் வெளியிட்ட எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து மெயின்ஸைக் குறைத்து மார்ஷலை ஓட்டினார் என்று படித்துவிட்டு, நம் லேப் வேரியாக் மேல் கண் வைக்காதீர்கள். அது அட்டென்யூவேட்டர் வேலை அல்ல. ஹீட்டர் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும். தெரியாமல் கூட்டித் திருப்பினால் கதை முடிந்தது.

பெட்டியே வால்வைக் கொல்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பெட்டி கொல்வதில்லை. சத்தம் இல்லாததால் தைரியம் வந்து, முழு வால்யூமில் நாலு மணி நேரம் ஓட்டுகிறோமே, அது தேய்க்கிறது. இன்று ஈ.எல். 34 செய்யும் தொழிற்சாலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. 2022இல் ரஷ்யச் சரக்கு தடைபட்டபோது விலை ஏறியதும் கடைகளில் தட்டுப்பாடு வந்ததும் இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இசைக்குழுத் தம்பிகளுக்கு என் யோசனை: விலையுயர்ந்த பெட்டிக்கு இப்போது காசு சேர்க்க வேண்டாம். நம் லேபிலேயே ஆறு டெசிபெல் பெட்டி ஒன்று செய்யுங்கள். நாலு ஓம், நூறு வாட். எட்டு ஓம், ஐம்பது வாட். அலுமினிய உறை வகை, ஒரு நல்ல ஹீட் சிங்க், காற்றுத் துளையுள்ள இரும்புப் பெட்டி. லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரின் அடிப்பகுதியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும். இதோடு ஸ்பீக்கரை ஆட்கள் பக்கம் திருப்பாமல் வையுங்கள், காதில் பிளக் போடுங்கள், ஒத்திகையை ஹாஸ்டலை விட்டு ஆடிட்டோரியத்துக்கு மாற்றுங்கள். இரவு வாசிக்க வேண்டுமானால் மட்டும் ரியாக்டிவ் லோடும் ஹெட்போனும் பற்றி யோசிக்கலாம். அதற்கு என் வகுப்பு சார்பில் ஒரு பங்கு நானே தருகிறேன்.

செய்து முடித்ததும் மின்சாரம் கொடுக்காமல் மல்டிமீட்டரில் பாருங்கள். ஸ்பீக்கரைச் செருகிய நிலையில் உள்ளீட்டில் ஏழரை ஓமை ஒட்டி வர வேண்டும். எட்டு வரவில்லையே என்று பதறாதீர்கள். மீட்டர் பார்ப்பது ஸ்பீக்கரின் டி.சி. ஆறரையை. ஸ்பீக்கரைப் பிடுங்கினால் பன்னிரண்டு வரும். ஸ்பீக்கர் வயர் கழன்றாலும் ஆம்ப்ளிஃபையருக்கு லோடு இருக்கும் என்று அர்த்தம். வேறு எண் எது வந்தாலும் ஆம்ப்ளிஃபையரில் மாட்டாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை நான் எலக்ட்ரானிக்ஸ் லேபில்தான் இருப்பேன். ரெசிஸ்டர்களை நானே கொண்டுவந்திருக்கிறேன்; ஹீட் சிங்க் மட்டும் நீங்கள் தேடி எடுத்து வாருங்கள்.